ஒரே பெட்டியில் இரண்டு அந்திகள்

எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் உண்டு. வழக்கமாகத் தலைமையாசிரியர்களும் அஞ்சல் ஊழியர்களும் எழுதுவார்கள். இந்த ஆண்டு அந்தப் பக்கங்களை என்னிடம் தந்திருக்கிறார்கள். எனக்கு வயது இருபத்தேழு. செங்கல்பட்டில் தமிழ் இலக்கியம் முதுகலை படிக்கிறேன். அதற்கு முன் கேளம்பாக்கத்தில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விட்டுவிட்டு வந்தவள் என்பதால் வகுப்பில் எனக்குப் ‘பென்ஷன் அக்கா’ என்று பெயர். மலர்க் குழுவினர் அந்தப் பெயரையே தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னை உண்மையில் எழுத வைத்தது கணினித் துறை மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி. இப்போது வரும் கருவிகள் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தனி அறையைத் தாமாகவே கட்டி, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை அதற்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றன. லைப்ரரி என்பது யாரோ எழுதி எல்லோருக்கும் கொடுத்த நிரல்களின் தொகுப்பு. நாம் கணக்கிட வேண்டியதை அது கணக்கிட்டுத் தரும். ஒரே லைப்ரரி பல அறைகளில் பலமுறை கிடப்பது அவளுக்கு வீணாகப்பட்டது. “எதுக்குக்கா இவ்ளோ எடம்? ஒண்ணு இருந்தா எல்லாரும் எடுத்துக்கலாமே” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். நினைவில் முதலில் எழுந்தது விளக்கம் அல்ல. கையில் தண்ணீர்க் குவளையோடு அசையாமல் இருந்த என் அம்மாவின் முகம். அந்த மாணவிக்கு அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்.

நான் கோவளத்துப் பெண். கல்லூரியில் கணினி படித்தேன். படித்து முடித்த கோடையிலேயே வேலை கிடைத்தது. பயிற்சிக்காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஷேர் ஆட்டோவில் போனேன், வந்தேன். பிறர் எழுதியதைப் படித்தேன். பைத்தான் மொழியில் சின்னச் சின்ன நிரல்களை எழுதி அழித்தேன். எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. சன்னலுக்கு வெளியே உப்பளங்கள். வானமும் பாத்தி நீரும் ஒரே நிறமாகிவிடும் பிற்பகல்களில் அந்தக் கட்டடம் எதன் மேலும் நிற்காமல் மிதப்பது போலிருக்கும். அந்த மிதப்பிலிருந்து என்னைத் தரைக்கு இழுத்தவை என் பின்னால் வந்து நிற்கும் செருப்புச் சத்தமும் மல்லிகை மணமும். கஸ்தூரி அக்கா வந்துவிட்டாள் என்று பொருள்.

கஸ்தூரி அக்கா எங்கள் குழுவின் தலைவி. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பயிர்வைக்கும் குடும்பம். இரண்டு பேருந்து மாறி வருவாள். அடுத்தவரின் விசைப்பலகையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்று, நாம் தட்டுவதைப் பார்ப்பாள். தவறு கண்ணில் பட்டால் சொல்ல மாட்டாள். மூச்சை மட்டும் சற்று நீளமாக விடுவாள். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் இருந்தால் என்ன ஆகும் என்று முதல் வாரத்தில் அவள் என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

“ஒரு வூட்ல ஒரே பேர்ல ரெண்டு பேரு கீறாங்க. நீ தெருவுல நின்னு பேரச் சொல்லி கூப்புடுற. யாரு வருவாங்க?”

யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் என்றேன்.

“வாசலாண்ட யாரு குந்திகினு கீறாங்களோ அவங்க வருவாங்க. உனக்கு வேணுன்றவங்க உள்ள தூங்கிகினு இருப்பாங்க. வந்தவங்களும் அதே பேருதானே, நீ சந்தேகப்பட மாட்ட.”

எங்கள் தெருவில் ஒரே பெயர்க்காரர்கள் நிறைய. கடை காதர், மாடிவீட்டுக் காதர், மோதினார் காதர் என்று அடைமொழி இல்லாமல் யாரையும் அழைக்க முடியாது. ஆகவே அவள் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. கணினியும் அப்படித்தான் தேடுகிறது. இன்ன இடத்தில் முதலில், இல்லாவிட்டால் இன்ன இடத்தில் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. பெயர் பொருந்திய முதல் ஆளோடு தேடல் நின்றுவிடும்.

அதனால் அவளிடம் ஒரு முறைமை இருந்தது. புதிய பதிப்பு எதுவும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு நேராகப் போகக்கூடாது. வேறொரு கணினியில் அதற்கென்று தனி அறை திறக்க வேண்டும். அதைத் ‘தனிக்குடித்தனம்’ என்பாள். லைப்ரரியின் பெயரோடு பதிப்பு எண்ணையும் முழுமையாக எழுதியே நிறுவ வேண்டும். வெறும் பெயரை எழுதினால் எது வரும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. நிறுவியதும், நீ எந்தப் பதிப்பு, எந்த இடத்திலிருந்து வருகிறாய் என்று அதனிடமே கேட்டு, வரும் விடையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாய்விட்டுப் படிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, பழைய பதிப்பு தந்த விடைகளையும் புதியது தரும் விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கடைசித் தசமம் வேறுபட்டாலும் விட மாட்டாள். “ஏன்னு தெரிஞ்சா வூட்டுக்குப் போ. தெரியலையா, குந்து.”

இப்போது ஒரே செய்யுளின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டிருக்கும்போது சில சமயம் அந்த மல்லிகை மணம் வருவது போலிருக்கிறது. நூலகத்தில் யாரும் பூ வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

எங்கள் நிறுவனம் செய்த பல சிறு வேலைகளில் ஒன்று, பள்ளிவாசல்களுக்கான தொழுகை நேரத் திரை. கடற்கரையோரத்து ஊர்கள் சிலவற்றில் அதை வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு திரை. அலுவலக அறையில் ஒரு சிறு கணினிப் பெட்டி. ஒவ்வொரு நாளும் சூரியனின் இருப்பைக் கணக்கிட்டு ஐந்து வேளைக்கும் நேரம் காட்டும். சூரியக் கணக்கை நாங்கள் எழுதவில்லை. அதற்கு ஒரு லைப்ரரி இருந்தது.

அந்த லைப்ரரியைப் படித்த நாள்களில்தான் ஒன்றை அறிந்தேன். அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு சிவப்பாகத் தெரியும் சூரியன் அந்த இடத்தில் இல்லை. அது ஏற்கெனவே இறங்கிவிட்டது. காற்று ஒளியை வளைத்து, போய்விட்டதை இன்னும் சிறிது நேரம் நமக்குத் தூக்கிக் காட்டுகிறது. முட்டுக்காட்டுக் காயலின் மேல் அந்தி விழும்போதெல்லாம் ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து, இல்லாத சூரியனைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

லைப்ரரியின் பழைய பதிப்பு அந்த வளைவைக் கணக்கில் கொள்ளவில்லை. சூரிய வட்டத்தின் நடுப்புள்ளி அடிவானக் கோட்டைத் தொட்டதுமே அந்தி என்று சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியும் அந்தி அதற்குச் சில நிமிடங்கள் பிந்தியது. அந்த நிமிடங்களை எங்கள் நிரல் தன் பங்காகக் கூட்டிக்கொண்டிருந்தது. பின்னர் வந்த புதிய பதிப்பு வளைவையும் வட்டத்தின் மேல்விளிம்பையும் தானே கணக்கிட்டது. ஆகவே எங்கள் நிரலிலிருந்து அந்தக் கூட்டலை நீக்கிவிட்டோம். பழையதோடு பழையது சரி. புதியதோடு புதியது சரி. புதிய நிரலுக்குப் பழைய லைப்ரரி பதில் சொன்னால் மட்டும் அந்தி முந்திவிடும்.

அது ரமலான் மாதம். அன்று விடுப்பில் வீட்டில் இருந்தேன். நோன்புக் கஞ்சி வந்துவிட்டது. பேரீச்சம்பழம் தட்டில் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் மோதினார் காதர் மாமாவின் குரல் எழுந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்பவர் மோதினார். நோன்பு மாதத்தில் மாலைப் பாங்கு கேட்ட பிறகுதான் எங்கள் தெருவில் தண்ணீர் தொண்டையில் இறங்கும். அவர் குரல் உயரும் இடத்தில் ஒரு சிறு நடுக்கம் உண்டு. அதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். நோன்பு திறந்தோம். பழம் தின்று, அத்தா, அதாவது அப்பா, கஞ்சியை அருந்தத் தொடங்கி, அம்மா இரண்டாவது முறை தண்ணீர்க் குவளையை உயர்த்தியபோது, அடுத்த தெருப் பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது. அதற்கப்பால் இன்னொரு பள்ளி. எல்லாக் குரல்களும் ஒன்றாக, எங்கள் குரலைத் தனியே விட்டுவிட்டு.

அம்மாவின் கை அப்படியே நின்றது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

நேரத்துக்கு முன் திறந்த நோன்பு செல்லாது. வேறொரு நாள் அதை நோற்றுக் கழிக்க வேண்டும். கழா என்பார்கள். தெருவே அன்று கழாவுக்கு ஆளாயிற்று. முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர், உடனே எங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்திருக்கிறார். பணியில் இருந்தவர் தொலைவிலிருந்தே பெட்டியை அணைத்து மறுபடி இயக்கிப் பார்த்தார். நேரம் சரியாகக் காட்டியது. “சிஸ்டம் கரெக்டா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல்லில் குற்றம் காதர் மாமாவின் மேல் விழுந்தது. கண் மங்கிவிட்டது என்றார்கள். பசியில் அவசரப்பட்டுவிட்டார் என்றார்கள். திரை வந்த பிறகு, வெள்ளையடித்தபோது கழற்றிய சுவர் அட்டவணையை மறுபடி மாட்டவில்லை. திரையைத் தவிர அவர் பார்த்திருக்கக்கூடியது எதுவும் இல்லை. திரையில் நேரம் வந்த பிறகுதான் பாங்கு சொன்னேன் என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நிர்வாகம் முடிவு செய்தது: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின்போது, தவறாகப் பார்த்துவிட்டேன் என்று அவர் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். மறுத்தால் நோன்புப் பெருநாள் கழிந்ததும் வேலையையும், பள்ளிச் சுவரை ஒட்டியிருந்த அறையையும் விட்டுவிட வேண்டும்.

அலுவலகத்தில் இதைக் கஸ்தூரி அக்காவிடம் சொன்னேன். அப்படி நீளமாக நான் பேசியதை அவள் அன்றுதான் கேட்டிருப்பாள். நிறுவன உரிமையாளர் அறைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் நேரம் சரியாக இருக்கிறதே, நாமாகப் போய்க் கிளறினால் மற்றப் பள்ளிகளும் திரையைக் கழற்றிவிடுவார்களே என்று அஞ்சினார்.

கஸ்தூரி அக்கா குரலை உயர்த்தவில்லை. “மிசினு சரின்னு நாம சொன்னா, அவரு பொய் சொல்றாருன்னு அர்த்தம் சார். ரெண்டுமே நெஜமா இருக்கறதுக்கு ஒரு வழி கீதான்னு பாத்துட்டு வரோம்.”

வியாழக்கிழமை பிற்பகல் இருவரும் போனோம். பள்ளிவாசல் வளாகத்தில் மதரஸாவை ஒட்டிய அலுவலக அறையில் பெட்டி இருந்தது. முத்தவல்லி முன்னமே வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், எதையும் எடைபோட்டே பார்ப்பவர். காதர் மாமா வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னோம்.

அன்று என்னென்ன செய்தார் என்று மெல்லக் கேட்டேன். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு மின்சாரம் போயிற்று. திரும்பி வந்த பிறகும் சுவர்த் திரை கறுப்பாகவே இருந்தது, நிரல் தானாக எழவில்லை. எனவே அலுவலக அறையில் பெட்டியோடு இருந்த சிறு திரையின் குறியை அழுத்தினார். நேரம் வந்துவிட்டது.

“எந்தக் குறி மாமா?”

“மொத மொத வெச்சப்போ உங்க ஆபீஸ் பையன் ஒருத்தர் சொல்லிக்குடுத்துட்டுப் போனாரு மா. ஸ்கிரீன் வரலன்னா இத ரெண்டு தபா தட்டுங்கன்னாரு. தட்டுனேன்.”

எனக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

கஸ்தூரி அக்கா முத்தவல்லியிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சுவரில் இருந்த மின்விசையை அணைத்தாள். மறுபடி போட்டதும் நிரல் தானாகவே எழுந்தது. மக்ரிப் என்னும் மாலைத் தொழுகையின் நேரம் திரையில் வந்தது. முத்தவல்லி அடுத்த தெருப் பள்ளிக்குப் போன் செய்து சரிபார்த்தார், இரண்டும் ஒன்று. பிறகு நிரலை நிறுத்திவிட்டு, அன்று செய்தது போலவே குறியைத் தட்டச் சொல்லிக் காதர் மாமாவைக் கேட்டோம். தட்டினார். திரை ஒருமுறை இருண்டு ஒளிர்ந்தது. அதே நாள், அதே ஊர், அதே சூரியன். மக்ரிப் முந்தியிருந்தது.

நான் அந்த லைப்ரரியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: நீ எந்தப் பதிப்பு, எந்த இடத்திலிருந்து வருகிறாய். விடையை வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தேன். அந்த அறையில் அது கூச்சமாக இல்லை. தொடக்கத்தில் திரையை அமைத்தவர், அந்தப் பெட்டியைக் கையாளும் பயனரின் சொந்தக் கோப்புறையில் பழைய பதிப்பை நிறுவியிருந்தார். பின்னால் வந்தவர் கணினிக்குப் பொதுவான இடத்தில் புதியதை நிறுவினார். பழையது இருப்பது அவருக்குத் தெரியவில்லை. பெட்டி தானாக எழும்போது நிரல் பொது இடத்தை மட்டுமே பார்க்கும். மனிதர் ஒருவர் கையால் இயக்கினால், முதலில் அவருடைய சொந்த இடத்தைப் பார்க்கும். அதனால் இயந்திரத்துக்கு ஓர் அந்தி, அதைத் தொட்ட மனிதருக்கு வேறோர் அந்தி.

“இன்னாம்மா இது? ஒரு தபா ஒரு டைமு, இன்னொரு தபா வேற டைமு. சூரியன் இன்னா கம்பெனில ஷிப்ட்டா பாக்குது?” என்றார் முத்தவல்லி.

கஸ்தூரி அக்கா சிரிக்கவில்லை. “உங்க தெருவுல எத்தினி காதரு பாய்?”

“நாலு பேரு கீறாங்க. எதுக்கு?”

“காதருன்னு மட்டும் கூப்டா எவரு வருவாருன்னு தெரியாது இல்ல? இந்தப் பொட்டிக்குள்ள அந்த மாதிரி ரெண்டு பேரு கீறாங்க. எங்காளுங்க அடைமொழி வெக்காம வுட்டுட்டுப் போய்ட்டாங்க. தப்பு எங்களுது. அவரு பாத்ததுதான் சொன்னாரு.”

உரிமையாளரைக் கேட்காமல் அவள் இதைச் சொன்னாள். பின்னர் அவர் சில நாள்கள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

முத்தவல்லி காதர் மாமாவின் பக்கம் திரும்பி, “நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, கையால தட்டுனேன்னு” என்றார்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பாய். ‘எதுக்கு முன்னாடியே பாங்கு சொன்ன’ன்னுதான் கேட்டீங்க.”

அன்றே வேலையை முடித்தோம். நிரலுக்கென்று தனி அறை கட்டி, புதிய பதிப்பை எண்ணோடு அதற்குள் வைத்தோம். பெட்டி தானாக எழுந்தாலும், யார் குறியைத் தட்டினாலும், அந்த ஒரே கதவு வழியாகத்தான் நிரல் உள்ளே போகும்படி செய்தோம். தொடங்கும்போது நிரல் லைப்ரரியின் பதிப்பைக் கேட்கும். வேறு பதிப்பு வந்து நின்றால் நேரம் எதையும் காட்டாது. தவறான அந்தியைக் காட்டிலும் வெற்றுத் திரை மேல் என்றாள் கஸ்தூரி அக்கா. அடுத்த வாரங்களில் மற்ற ஊர்த் திரைகளுக்கும் இதையே செய்தோம். வேறு சில பெட்டிகளிலும் பழைய பதிப்பு, யாரும் தொடாத குறி ஒன்றுக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தது. கணினித் துறைத் தங்கையே, நீ வீண் என்று சொன்ன இடம் இதற்குத்தான் போகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பெண்கள் நாங்கள் பள்ளிக்குப் போவதில்லை. ஒலிபெருக்கி வழியாக உரை தெருவெங்கும் கேட்கும். அம்மாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கடற்காற்று திரைச்சீலையை உள்ளே தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தது. நடந்தது இன்னதென்று தாமே அறிவிப்பதாக முத்தவல்லி சொல்லியிருந்தார். கருவியின் கோளாறு, மோதினார் மேல் பிழையில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கியில் வந்தது முத்தவல்லியின் குரல் அல்ல. அந்தச் சிறு நடுக்கத்தை அம்மா எனக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டு நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு என் பாங்க கேட்டு நோன்பு தொறந்தவங்க எல்லாரும் ஒரு நோன்பு கழா வெக்கணும்” என்றார் காதர் மாமா. “மிசினு தப்பா காட்டுச்சுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. நிர்வாகம் என் மேல தப்பு இல்லன்னுட்டாங்க. ஆனா மிசினு பாங்கு சொல்லல. கொரலு என்னுது. எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க.”

பிறகு உரை தொடங்கியது.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பெருநாளுக்குப் பிறகு வரும் முதல் திங்கட்கிழமை உனக்கும் எனக்கும் கழா நோன்பு, அன்றைக்கு ஆபீசில் டீ கேட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.